இறுகிப்போன லாரி வீல் நட்டும் கையால் சுற்றும் டார்க் மல்டிபிளையரும்: இரண்டாண்டுப் பயன்பாட்டுக்குப் பிறகு ஒரு மதிப்பீடு

பின் அச்சின் உட்சக்கரத்தில் காற்று இறங்கிப்போய், ஆள் நடமாட்டமில்லாத சாலையோரத்தில் லாரியை நிறுத்திவிட்டு, பத்து நட்டுகளில் ஒன்றைக்கூட அசைக்க முடியாமல் மூன்று மணி நேரம் நின்ற ஓர் இரவுக்குப் பிறகுதான் இந்தக் கருவியை வாங்கினேன். வண்டியோடு வந்த வீல் ஸ்பேனரும், அதன் தண்டில் செருகிக்கொள்ள ஓர் இரும்புக் குழாயும் அன்று என்னிடம் இருந்தன. குழாயின் நுனியில் ஏறி நின்று உடலை உலுக்கியபோது ஸ்பேனர் நட்டிலிருந்து நழுவி, குழாயும் நானும் ஒன்றாகத் தரையில் விழுந்தோம். முழங்கையில் பட்ட அடி ஆறு வாரம் வலித்தது. அதற்குச் சில நாள்களுக்கு முன்பு ஒரு பட்டறையில் அந்தச் சக்கரங்களை மாட்டியவர் காற்றழுத்தத்தால் நட்டை இறுக்கும் ஏர் கன்னை ஒவ்வொரு நட்டின் மீதும் நெடுநேரம் அழுத்திப் பிடித்திருந்ததை நான் அருகில் நின்று பார்த்திருந்தேன். நன்றாக இறுக்குகிறார் என்று மனநிறைவோடு வண்டியை எடுத்துச் சென்றேன்.

கையால் சுற்றும் டார்க் மல்டிபிளையர் என்று பலர் விற்கும், முறுக்குவிசையை, அதாவது திருப்பும் விசையை, பெருக்கித் தரும் கருவி இது. பெயரும் நிறமும் மாறினாலும் அமைப்பு ஏறத்தாழ ஒன்றுதான் என்பதால், ஒரு குறிப்பிட்ட நிறுவனத்தின் பொருளாகக் கருதாமல், இவ்வகைக் கருவி முழுவதற்குமான மதிப்பீடாகவே இதை எழுதுகிறேன். ஒரு தடித்த எஃகு உருளை. அதன் ஒரு முனையில் சுற்றுக் கைப்பிடி, மறுமுனையில் சாக்கெட்டை மாட்டுவதற்கு ஓர் அங்குலச் சதுரத் தண்டு, பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் கனமான எஃகுக் கால். உருளைக்குள் இரண்டு அடுக்குப் பிளானட்டரி கியர்கள் இருக்கின்றன. நடுவில் ஒரு சிறு பல்சக்கரம், அதைச் சுற்றிவரும் பல்சக்கரங்கள், அவற்றை வெளியிலிருந்து அணைத்திருக்கும் உட்பல் வளையம் என்பது ஓர் அடுக்கின் அமைப்பு. முதல் அடுக்கு தருவதை இரண்டாம் அடுக்கு வாங்கி மேலும் பெருக்குகிறது. என்னிடமுள்ள கருவியின் விகிதம் 58க்கு 1. அதாவது கைப்பிடியை 58 முறை சுற்றினால் நட்டின் பக்கமுள்ள தண்டு ஒரே ஒரு முறை சுற்றும்; வேகத்தில் இழப்பதை விசையில் பெறுகிறோம்.

அந்த விசை எவ்வளவு என்பதைக் கணக்கிட்டுப் பார்த்தால்தான் கருவியின் அருமை விளங்கும். கனரக லாரிகளில் இன்று பரவலாகக் காணப்படும் எம்22 × 1.5 (22 மி.மீ. விட்டம், அடுத்தடுத்த புரிகளுக்கு இடையே 1.5 மி.மீ.) மரை கொண்ட, 32 அல்லது 33 மி.மீ. அறுகோண நட்டுகளை ஏறத்தாழ 600 முதல் 700 நியூட்டன் மீட்டர் வரையிலான முறுக்குவிசையில் இறுக்குவது வழக்கம். 70 கிலோ எடையுள்ள ஒருவர் ஒரு மீட்டர் நீளத் தண்டின் நுனியில் முழு எடையோடு நின்றால், தண்டு தரைக்கு இணையாக இருக்கும் அந்த ஒரு கணத்தில், கிடைப்பது ஏறத்தாழ 690 நியூட்டன் மீட்டர். தண்டு 45 பாகை சாய்ந்துவிட்டால் அது 490க்குக் குறைந்துவிடும். சரியாக இறுக்கிய, துருப்பிடிக்காத நட்டையே இந்த விசை அரும்பாடுபட்டுத்தான் அசைக்கும் என்றால், துருவேறியதையும் அளவுக்கு மீறி இறுக்கியதையும் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மல்டிபிளையரின் கைப்பிடியோ 25 செ.மீ. நீளம்தான். அதைப் பத்துக் கிலோ எடைக்கு நிகரான விசையோடு சுற்றினால் உள்ளே போவது 25 நியூட்டன் மீட்டருக்குச் சற்றுக் குறைவு; 58ஆல் பெருக்கினால் 1,400க்கு மேல் வருகிறது. கியர்களின் உராய்வில் ஒரு பெரும் பங்கு கழிந்தாலும், குழாயின் மீது ஏறி நிற்கும் மனிதரின் விசையைவிடக் கூடுதலாகவே மிஞ்சும். அதுவும் கால் ஊன்றி நின்று, கையை மட்டும் அசைத்து, எந்தத் திடீர் அசைவும் இல்லாமல் கிடைப்பது. வயதானவரும், தோள் வலி உள்ளவரும், உடல் எடை குறைந்தவரும் துணைக்கு ஆளின்றி நட்டை இளக்க முடிவது இதனால்தான்.

ஆனால் இது நட்டைக் கழற்றும் கருவி என்று நினைத்து வாங்கினால் ஏமாற்றம் வரும். நட்டின் பிடியை விடுவிக்கும் கருவி என்பதுதான் இதற்குப் பொருத்தமான விளக்கம். 1.5 மி.மீ. புரியிடைவுள்ள மரையில் 27 மி.மீ. தூரம் நட்டு ஏறியிருந்தால், அதை முழுவதும் வெளியே எடுக்க 18 சுற்றுகள் வேண்டும். மல்டிபிளையரில் அது ஆயிரத்துக்கும் மேற்பட்ட கைச்சுற்று. பத்து நட்டுக்குப் பத்தாயிரத்தைத் தாண்டும். நான் ஒவ்வொரு நட்டையும் அரைச்சுற்று மட்டும், அதாவது முப்பது கைச்சுற்று வரை, இதனால் இளக்கிவிட்டு, மீதியைச் சாதாரண வீல் ஸ்பேனரால் கழற்றுகிறேன். பத்து நட்டுகளையும் இளக்க எனக்கு அரைமணி நேரத்துக்குக் குறையாமல் பிடிக்கிறது. ஒவ்வொரு நட்டுக்கும் கருவியைக் கழற்றி, காலின் இடத்தைச் சரிபார்த்து, மறுபடி மாட்டுவதில்தான் அந்த நேரத்தின் பெரும்பகுதி போகிறது. அவசரப்படுபவருக்கு இது ஏற்றதன்று.

காலின் இடத்தைச் சரிபார்ப்பது என்றேன். இவ்வகைக் கருவியைப் பற்றிய விளம்பரங்களில் ஒரு வரிகூடப் பேசப்படாத, ஆனால் உயிருக்கும் விரலுக்கும் தொடர்புள்ள செய்தி அதுவே. கருவி நட்டை ஒரு பக்கம் திருப்பும்போது, அதே அளவு முறுக்குவிசை கருவியின் உருளையை எதிர்ப்பக்கம் திருப்பப் பார்க்கிறது. அந்த எதிர்விசையைத் தாங்கிக்கொள்ளத்தான் கால் இருக்கிறது. அது பக்கத்து நட்டின் மீது சாய்ந்து நிற்கிறது. வழக்கமான வலப்புரி மரையில் நட்டை இடஞ்சுழியாக இளக்கும்போது கால் வலஞ்சுழியாக நகர்ந்து, அத்திசையிலுள்ள அடுத்த நட்டில் போய் முட்டும். இந்த முட்டலின் வலிமையைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. நட்டுகள் ஏறியிருக்கும் மரைத்தண்டுகளான ஸ்டட்கள் பத்தும் 335 மி.மீ. விட்டமுள்ள வட்டத்தில் அமைந்த சக்கரத்தில், அடுத்தடுத்த இரண்டு ஸ்டட்களுக்கு இடையிலுள்ள தூரம் ஏறத்தாழ 104 மி.மீ. நட்டு 1,500 நியூட்டன் மீட்டரில்தான் விடுபடுகிறது என்று வைத்துக்கொண்டால், அந்த நேரத்தில் பக்கத்து நட்டின் மீது கால் பக்கவாட்டில் செலுத்தும் விசை ஏறத்தாழ ஒன்றரை டன் எடைக்குச் சமம்.

ஒன்றரை டன்னைத் தாங்கும் இடத்தில் விரல் இருக்கக் கூடாது என்பதைச் சொல்லவே வேண்டாம். ஆயினும் கால் நழுவுகிறதே என்று ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு மறுகையால் சுற்றுபவரை நான் பார்த்திருக்கிறேன், பார்த்தவுடன் நிறுத்தச் சொல்லியிருக்கிறேன். அடுத்து, கால் ஸ்டட்டின் வெளிநுனியில் சாயாமல், நட்டின் அடிப்பாகத்தில், சக்கரத் தகட்டை ஒட்டிச் சாய வேண்டும். நுனியில் சாய்ந்தால் அந்த விசை முழுவதும் ஸ்டட்டை வளைக்கும் நெம்புகோலாக மாறும், மரையும் நசுங்கும். ஏற்கெனவே இளக்கிய நட்டின் மீது காலைச் சாய்ப்பதைக் கூடுமானவரை தவிர்க்க வேண்டும் என்பதையும் அனுபவத்தில் கற்றுக்கொண்டேன். தளர்ந்த நட்டு சக்கரத் தகட்டை அழுத்திப் பிடிக்காததால், பக்கவாட்டு விசை அனைத்தும் அந்த ஒற்றை ஸ்டட்டின் மேல் விழுகிறது. ஆகவே நட்டுகளை இளக்கும் வரிசையை, கால் சாயும் நட்டு எப்போதும் இறுகியதாகவே இருக்கும்படி, முன்கூட்டியே மனத்தில் போட்டுக்கொள்கிறேன். சுற்றின் கடைசி நட்டுக்கு மட்டும், முதலில் இளக்கிய நட்டை வீல் ஸ்பேனரால் திரும்பவும் இறுக்கிவிட்டு அதன் மீது காலைச் சாய்க்கிறேன். இரண்டு நிமிட வேலைதான்.

இனி, இந்தக் கருவியின் இயல்பிலேயே உள்ள ஒரு குறையைச் சொல்ல வேண்டும். சாதாரண ஸ்பேனரில் நட்டு எப்படி நடந்துகொள்கிறது என்பதைக் கை உணரும். விறைப்பாக நிற்பதும், கிறீச்சிட்டு விட்டுக்கொடுப்பதும், மாவு பிசைவது போல மென்மையாக நீண்டு ஸ்டட் உடையப் போவதும் வெவ்வேறு உணர்வுகள். அனுபவமுள்ளவர் கண்ணை மூடிக்கொண்டு வேறுபடுத்திவிடுவார். மல்டிபிளையரில் இந்த உணர்வு 58இல் ஒரு பங்காகச் சுருங்கிவிடுவதால், சாக்கெட் வழுக்கி நட்டின் மூலைகளை மழுக்கிக்கொண்டிருந்தாலும், ஸ்டட்டே முறுகிக்கொண்டிருந்தாலும், கைக்கு எல்லாம் ஒன்றுபோலவே படும். கை இழந்த வேலையைக் கண் செய்ய வேண்டும். சாக்பீஸால் நட்டிலும், ஸ்டட்டின் முகத்திலும், சக்கரத் தகட்டிலும் ஒரே நேர்கோடாகக் கோடு இழுத்துவிட்டுத்தான் நான் கருவியை மாட்டுகிறேன். ஒரு கைச்சுற்றுக்கு நட்டு ஏறத்தாழ ஆறு பாகை திரும்ப வேண்டும். தொடக்கத்தில் சில சுற்றுகள் கியர்களின் இடைவெளியை நிரப்புவதிலும், நீட்டிப்புத் தண்டு சற்று முறுகுவதிலும், கால் சரியாகப் போய் அமர்வதிலும் கழியும். அதன் பிறகும் ஐந்தாறு சுற்று சுற்றிவிட்டுக் கருவியை எடுத்துப் பார்க்கும்போது, நட்டின் கோடு தகட்டின் கோட்டிலிருந்து விலகியிருக்க வேண்டும். நட்டின் கோடும் ஸ்டட்டின் கோடும் சேர்ந்தே விலகியிருந்தால் ஸ்டட் முறுகுகிறது என்று பொருள். அங்கேயே நிறுத்திவிட வேண்டும். இப்படிப் பார்த்ததால் ஒரு ஸ்டட்டை உடையாமல் காப்பாற்றியிருக்கிறேன். அன்று எண்ணெய் விட்டு ஓர் இரவு முழுவதும் ஊறவைத்த பிறகு அந்த நட்டு மறுநாள் தடையின்றித் திரும்பியது.

நட்டு விடுபடும் நேரத்தில் ஒரு கூர்மையான ஓசை கேட்கும். முதல் முறை ஸ்டட்தான் உடைந்துவிட்டது என்று பதறினேன். மரையில் பிடித்திருந்த துரு உடைபடும் ஓசை அது. அதோடு கைப்பிடியின் எதிர்ப்பும் சட்டென்று குறையும். நட்டு விடுபடாமல் பாதியில் நிறுத்த நேர்ந்தால், முறுகிய தண்டில் விசை தேங்கி நிற்கும் என்பதால், கைப்பிடியைத் திடீரென விட்டுவிடக் கூடாது. பிடித்தபடியே எதிர்த்திசையில் மெதுவாகச் சுற்றி இறுக்கத்தைக் கழித்த பிறகே கருவியைக் கழற்ற வேண்டும். அப்படிக் கழிக்காமல் இழுத்தால், கால் பக்கத்து நட்டில் அகப்பட்டுக்கொண்டு கருவி வெளியே வரவே வராது.

கருவியின் வலிமையை மட்டும் நம்பாமல், அதற்கு முன் செய்ய வேண்டிய சில வேலைகளைச் செய்தால் பாதி நட்டுகளுக்கு இந்தக் கருவியே தேவைப்படுவதில்லை. இரும்பு துருவாக மாறும்போது பருமனில் பெருக்கிறது. மரைகளுக்கு நடுவே வேறு போக்கிடம் இல்லாமல் அது ஆப்புப் போல இறுகிவிடுகிறது. நட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஸ்டட் மரையின் மீதுள்ள துருவையும் மண்ணையும் கடந்துதான் நட்டு வெளியே வர வேண்டும் என்பதால், முதலில் அந்தப் பகுதியைக் கம்பி பிரஷால் பளிச்சென்று தெரியும் வரை தேய்க்கிறேன். பிறகு துரு இளக்கும் எண்ணெயை ஸ்டட்டும் நட்டும் சேரும் இடத்தில் மட்டும் விட்டு, குறைந்தது அரைமணி நேரம் காத்திருக்கிறேன். நுண்ணிய இடுக்குகளில் எண்ணெய் தானாக ஏறிப்பரவ அவ்வளவு நேரமாவது வேண்டும். தெளித்த மறுகணமே ஸ்பேனரை மாட்டுவதில் பயனில்லை. பிரேக் டிரம்முக்குள்ளோ டிஸ்க்கின் மீதோ எண்ணெய் போகாமல் துணியால் மறைத்துக்கொள்ள வேண்டும்.

மரை எந்தப் பக்கம் திரும்பும் என்பதையும் முன்பே பார்த்துவிட வேண்டும். பழைய அமைப்புகளில், குறிப்பாகக் கோள வடிவ அடிப்பகுதியுள்ள நட்டுகளால் சக்கரத்தை மையப்படுத்தும் வண்டிகளில், இடப்பக்கச் சக்கரங்களுக்கு இடப்புரி மரை வெட்டியிருப்பார்கள். ஸ்டட்டின் முகத்தில் எல் என்ற ஆங்கில எழுத்து பொறித்திருந்தால் அந்த நட்டை வலஞ்சுழியாகத் திருப்பினால்தான் கழலும். குழாயால் தவறான பக்கம் திருப்பினால் உடல் களைப்புதான் மிச்சம். மல்டிபிளையரால் திருப்பினால் ஸ்டட் உடைந்துவிடும். அதே பழைய அமைப்பில் இரட்டைச் சக்கரங்களுக்கு வெளிநட்டு ஒன்றும், அதற்குள் சதுரத் தலையுள்ள உள்நட்டு ஒன்றும் இருக்கும் என்பதால், கருவியோடு வரும் 32, 33 மி.மீ. சாக்கெட்கள் அங்கே உதவாது. அதற்கெனத் தனிச் சாக்கெட் வாங்க வேண்டும்.

இத்தனையும் சக்கரம் தரையில் ஊன்றியிருக்கும்போதே நடக்க வேண்டும். பார்க்கிங் பிரேக்கைப் போட்டு, மற்ற சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, நட்டுகளை அரைச்சுற்றுக்கு மேல் இளக்காமல் விட்டு, அதன் பிறகே ஜாக்கியைப் போட வேண்டும். ஜாக்கியில் தூக்கிய வண்டியில் மல்டிபிளையரை மாட்டிச் சுற்றுவது நேரே ஆபத்தை அழைப்பதாகும்.

மற்ற கருவிகளோடு ஒப்பிட்டுச் சொல்லாவிட்டால் மதிப்பீடு முழுமையாகாது. நீளமான தண்டும் குழாயும் பெரும்பாலான ஓட்டுநர்களிடம் இருப்பவை, பழுதாவதற்கு அவற்றில் எதுவும் இல்லை. ஒழுங்காக இறுக்கிய நட்டுக்கு அவை போதும். ஆனால் விடாப்பிடியான நட்டில், குழாயை நீட்டிக்கொண்டே போவது என்ற ஒரே வழியைத்தான் அவை தருகின்றன. ஸ்பேனர் நழுவினாலோ தண்டு முறிந்தாலோ விழுவது அதன் மீது நிற்பவர். அந்தக் குழாய் இப்போதும் என் வண்டியில்தான் கிடக்கிறது. அதன் மீது ஏறி நிற்பதை மட்டும் விட்டுவிட்டேன்.

பட்டறைகளில் உள்ள ஓர் அங்குல ஏர் கன்னுக்கு ஈடான கருவி வேறு இல்லை என்றே சொல்வேன். உள்ளிருக்கும் சுத்தியல் அமைப்பு நொடிக்குப் பல அடிகளாக முறுக்குவிசையைக் கொடுப்பதால், தொடர்ச்சியான அழுத்தத்துக்கு அசையாத துருப்பிடிப்பும் அந்த அதிர்வில் நொறுங்குகிறது. மல்டிபிளையருக்கு இல்லாத பெரும் பலம் இது. ஆனால் கருவியின் வாயில் 6.2 பார் அழுத்தமும், அதைத் தொடர்ந்து தரும் கம்ப்ரஸரும், போதிய உள்விட்டமுள்ள ஹோஸும் வேண்டும். மெல்லிய நீண்ட ஹோஸில் மாட்டினால் பெரிய கன்னும் வலுவிழந்துவிடும். காதுகளை அடைத்துக்கொள்ளாமல் இயக்கக் கூடாது. பேட்டரியில் இயங்கும் இம்பாக்ட் கன்கள் இப்போது நல்ல வலிமையோடு வருகின்றன. அடிக்கடி சக்கரம் கழற்றுபவர் அவற்றை வாங்குவது நியாயமே. எப்போதாவது ஒருமுறை மட்டும் தேவைப்படும் ஓட்டுநருக்கு, மாதக்கணக்கில் கிடந்து சார்ஜ் இறங்கிப்போன பேட்டரியைவிடக் கையால் சுற்றும் கியர் நம்பகமானது. எந்தக் கன்னாக இருந்தாலும், கறுப்பு நிறத்தில் வரும் தடித்த இம்பாக்ட் சாக்கெட்டையே மாட்ட வேண்டும். பளபளக்கும் குரோம் பூச்சுள்ள கைச் சாக்கெட் அடி தாங்காமல் வெடித்துச் சிதறக்கூடும். பன்னிரண்டு மூலைச் சாக்கெட்டைவிட ஆறு மூலைச் சாக்கெட்டே இறுகிய நட்டை மழுக்காமல் பிடிக்கும் என்பது எல்லாக் கருவிகளுக்கும் பொருந்தும்.

நெருப்பைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். டயர் மாட்டியிருக்கும் சக்கரத்தின் நட்டை கேஸ் டார்ச்சின் சுடரால் சூடேற்றுவது சிலரிடம் இன்றும் வழக்கமாக இருக்கிறது. தகட்டின் வழியே பரவும் வெப்பம் டயரின் உட்புற ரப்பரைச் சிதைத்து எரியும் வாயுக்களை உண்டாக்கி, டயர் வெடிக்கும் நிலைக்குக் கொண்டுபோகும். வெளியில் எந்த அறிகுறியும் தெரியாமல், சூடேற்றி நிறுத்திய பிறகும் இது நிகழலாம். அருகில் நிற்பவர் உயிர் தப்புவது அரிது. பதப்படுத்திய எஃகால் ஆன ஸ்டட்டின் வலிமையும், அலுமினியச் சக்கரமாக இருந்தால் அதன் வலிமையும் வெப்பத்தில் கெட்டுவிடும். எந்த நட்டும், எந்த அவசரமும் இதற்குத் தகுதியானதன்று. மூலை மழுங்கிய நட்டுக்கு, உட்புறம் சுருள் வரிகள் வெட்டிய சாக்கெட்டைச் சுத்தியலால் அடித்து ஏற்றித் திருப்பலாம். அதற்கும் அசையாவிட்டால் நட்டை ஒரு பக்கம் பிளந்து எடுக்க வேண்டியதுதான்.

மல்டிபிளையரின் பெட்டி மேல் 3,800 நியூட்டன் மீட்டர், 4,800 நியூட்டன் மீட்டர் என்றெல்லாம் அச்சிட்டிருப்பதைப் பார்த்து, இறுக்கவும் இதையே பயன்படுத்தலாமே என்று கேட்பவர்கள் உண்டு. கூடவே கூடாது. 10.9 என்ற வலிமைத் தரமுள்ள எம்22 ஸ்டட், உலர்ந்த மரையில், கணக்குப்படி ஏறத்தாழ 1,200 நியூட்டன் மீட்டரிலேயே தன் தாங்கும் எல்லையைத் தொட்டுவிடும். மரையில் எண்ணெய் இருந்தால் இன்னும் வெகுமுன்னதாகவே தொடும். நட்டில் நாம் கொடுக்கும் முறுக்குவிசையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான் ஸ்டட்டை இழுத்துச் சக்கரத்தைப் பிடிக்கும் விசையாகிறது, மீதி ஒன்பது பங்கும் நட்டின் அடியிலும் மரையிலும் உராய்வாகப் போகிறது என்பது பொறியாளர்கள் கைக்கொள்ளும் தோராயக் கணக்கு. எண்ணெய் அந்த ஒன்பது பங்கில் சிறிது குறைத்தாலும், ஸ்டட்டின் இழுவிசை பெருமளவு உயரும். கழற்றுவதற்காக விட்ட எண்ணெயை, மாட்டுவதற்கு முன் வண்டித் தயாரிப்பாளரின் அறிவுரைப்படி துடைக்கவோ விடவோ வேண்டும் என்பதற்குக் காரணம் இதுதான். கை உணராத, அளவு காட்டாத கருவியால் இதைச் சரியாகச் செய்ய இயலாது. முதலில் கையாலும், பிறகு எதிரெதிர் நட்டுகளாகச் சிறிது சிறிதாக வீல் ஸ்பேனராலும், முடிவில் முறுக்குவிசையின் அளவைக் காட்டும் டார்க் ஸ்பேனராலும் இறுக்கி, 80 முதல் 160 கிலோமீட்டருக்குள் ஒருமுறை மீண்டும் சரிபார்க்க வேண்டும். டார்க் ஸ்பேனரை நட்டு இளக்கப் பயன்படுத்தினால் அதன் அளவு கெட்டுவிடும் என்பதால், இந்த இரண்டு கருவிகளும் ஒன்றின் வேலையை மற்றது செய்யாமல் பார்த்துக்கொள்கிறேன்.

இரண்டாண்டுகளில் என் கருவியில் கண்ட தேய்மானங்களைச் சொல்கிறேன். கியர்கள் இன்னும் சீராகவே சுழல்கின்றன. வாங்கிய சில மாதங்களில் மூடியைத் திறந்து பார்த்தபோது உள்ளே கிரீஸ் மிகக் குறைவாக இருந்ததால் நானே நிரப்பிக்கொண்டேன், அதன் பிறகு சுற்றுவது தெளிவாக இலேசாயிற்று. கைப்பிடியின் இணைப்பு ஆணி தேய்ந்து ஆடுகிறது. கூடவே வந்த சாக்கெட்களில் ஒன்றின் உள்மூலைகள் விரிந்துவிட்டன, அதை மாற்றித் தரமான ஒன்றை வாங்கினேன். பெரிய குறை நீட்டிப்புத் தண்டும் காலும் பொருந்தாமல் இருப்பது. முன்சக்கரத்தில் நட்டுகள் வெளியே தெரியும்படி இருப்பதால் கருவி அங்கே கச்சிதமாக அமர்கிறது. பின் இரட்டைச் சக்கரத்தில் நட்டுகள் குழிவுக்குள் ஆழத்தில் இருக்க, ஹப் வெளியே நீட்டிக்கொண்டிருப்பதால், நீண்ட தண்டை மாட்டித்தான் எட்ட முடிகிறது. அப்போது ஏழு கிலோவுக்கு மேற்பட்ட கருவியின் எடை தண்டின் வெளிமுனையில் தொங்கிச் சாக்கெட்டைச் சாய்க்கிறது. காலோ நட்டின் அடிப்பாகத்தை எட்டாமல், நான் மேலே கூடாது என்று சொன்ன ஸ்டட் நுனியிலேயே போய் நிற்கிறது. கருவிக்கு அடியில் மரக்கட்டைகளை அடுக்கித் தாங்கல் கொடுத்தும், காலின் நுனியில் ஒரு தடித்த எஃகுத் துண்டைப் பற்றவைத்து நீட்டியும் இதைச் சமாளித்தேன். பற்றவைப்பு ஒன்றரை டன்னைத் தாங்க வேண்டியது என்பதால், நம்பகமான பற்றவைப்பாளரிடம் கொடுத்துச் செய்ததே தவிர, இதை எல்லோருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். பின்சக்கரத்துக்கென நீளமான, கழற்றி மாட்டக்கூடிய காலைத் தயாரிப்பாளர்களே சேர்த்துத் தர வேண்டும்; அவ்வாறு தருவதாக இருந்தால் அதைத்தான் தேர்ந்தெடுங்கள், அச்சிட்ட நியூட்டன் மீட்டர் எண்ணைப் பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

தனியாக நெடுந்தூரம் லாரி ஓட்டுபவருக்கும், கம்ப்ரஸர் வசதியில்லாத இடத்தில் இரண்டு மூன்று வண்டிகளைப் பராமரிப்பவருக்கும் இந்தக் கருவியை மனமாரப் பரிந்துரைக்கிறேன். நாள்தோறும் சக்கரம் கழற்றும் பட்டறைக்கு இது தேவையில்லை. வாங்கினால், பெட்டியைப் பிரிக்காமல் இருக்கைக்குப் பின்னால் போட்டுவைக்காமல், அன்றே பகல் வெளிச்சத்தில் சமதரையில் வண்டியை நிறுத்தி, பின்சக்கரத்தின் ஒரு நட்டில் மாட்டிப் பாருங்கள். சாக்கெட் அளவு சரிதானா, நீட்டிப்புத் தண்டு எட்டுகிறதா, கால் எங்கே போய் முட்டுகிறது என்பவை அப்போதே தெரிந்துவிடும். அந்த நட்டைக் கால்சுற்று இளக்கி, டார்க் ஸ்பேனரால் மீண்டும் உரிய அளவுக்கு இறுக்கிவிட்டு, கருவியோடு ஒரு சாக்பீஸையும் கம்பி பிரஷையும் எண்ணெய்க் குப்பியையும் அதே பெட்டியில் போட்டு வையுங்கள்.